கட்டுவதற்கு முன்பே விலை போன மின்சாரம்: தங்கவயலுக்கு காவிரி வந்த கதை

கோலார் தங்கவயலில் எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் பேச்சு சுற்றிச் சுற்றி ஒரு பெருமையில் வந்து நிற்கும். "ஆசியாவிலேயே டோக்கியோவுக்கு அடுத்தபடி எங்க ஊருக்குத்தான் கரண்டு வந்தது" என்பார்கள். ராபர்ட்சன்பேட்டையில் டீக்கடை வைத்திருப்பவரும் சொல்வார். சாம்பியன் ரீப்பில் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளியும் சொல்வார்.

இந்தப் பெருமையில் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும். கல்கத்தா நகரத்துக்கு 1899லேயே மின்சாரம் வந்துவிட்டது. டார்ஜிலிங் மலையில் ஒரு சின்ன நீர் மின்நிலையம் 1897லேயே ஓடத் தொடங்கியது. தங்கவயலுக்கு மின்சாரம் வந்த நாள் 1902 ஜூன் 30.

ஆனால் தங்கவயல்காரர்கள் இதைவிடப் பெரிய பெருமை ஒன்றை மறந்துவிட்டார்கள். அந்த மின்சாரம், மின்நிலையத்துக்கு அஸ்திவாரம் போடுவதற்கு முன்பே விலை பேசி முடிக்கப்பட்ட சரக்கு! செய்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர். இருவருக்கும் நடுவே 92 மைல் காடும் மேடும். இன்று புதுத் தொழில் தொடங்கும் இளைஞர்கள் படிக்க வேண்டிய வியாபாரம் அது.

விறகு தின்ற சுரங்கம்

தங்கவயலின் கதை லவெல் என்ற அயர்லாந்துக்காரரிடம் தொடங்குகிறது. நியூசிலாந்துச் சண்டையில் பங்கெடுத்துவிட்டு பெங்களூர் கண்டோன்மெண்டில் வந்து தங்கிய ராணுவ வீரர். கோலார்ப் பக்கம் மண்ணில் தங்கம் இருக்கிறது என்று வாரன் என்ற ஆங்கில அதிகாரி 1800களின் தொடக்கத்தில் எழுதிவைத்திருந்த குறிப்பு அவர் கையில் கிடைத்தது. மாட்டுவண்டி பிடித்துப் போய்ப் பார்த்தார். 1875ல் மைசூர் அரசிடம் தோண்டும் உரிமையும் வாங்கினார். பெங்களூரில் லவெல் ரோடு என்று இன்றும் சொல்கிறோமே, அது அவர் பெயர்தான்.

உரிமை வாங்கினாரே தவிர, ஆழமாகத் தோண்ட அவரிடம் பணம் இல்லை. உரிமை கைமாறியது. 1880 வாக்கில் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்ற நிறுவனம் உள்ளே வந்தது.

முதல் மூன்று நான்கு ஆண்டுகள் நஷ்டம்தான். பங்குதாரர்கள் போட்ட பணத்தில் 13 ஆயிரம் பவுன் மட்டுமே மிச்சம். "இத்தோடு மூடிவிடுவோம்" என்றார்கள் பலர். "இருப்பதையும் போட்டுப் பார்ப்போம்" என்றது டெய்லர் நிறுவனம். பிளம்மர் என்ற சுரங்க மேஸ்திரியை அனுப்பினார்கள். அவர் பெரிய வித்தை ஒன்றும் செய்யவில்லை. பல நூறு ஆண்டுகளுக்கு முன் நம் நாட்டு ஆட்கள் தோண்டிவிட்டுப் போன பழைய குழிகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தார். அவர்கள் நிறுத்திய இடத்தில் இவர் தொடங்கினார். சாம்பியன் என்று பெயர் பெற்ற தங்க ரேகை அகப்பட்டது.

அதன் பிறகு வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து தமிழர்கள் சாரி சாரியாக வந்தார்கள். மூங்கில் தட்டிக் குடிசைகள் முளைத்தன. மாரிகுப்பம், ஊரிகம், சாம்பியன் ரீப், நந்திதுர்க்கம் என்று சுரங்கங்கள் பெருகின.

தங்கம் கிடைத்தது. ஆனால் அதைக் கல்லிலிருந்து பிரிப்பதுதான் பெரும்பாடு. மேலே கொண்டுவந்த வெண்ணிறக் கல்லை மாவாக இடிக்க வேண்டும். அதற்கு ஸ்டாம்ப் மில் என்ற இயந்திரம். கனமான இரும்பு உலக்கைகள் வரிசையாக நின்று, இரவும் பகலும் தூக்கித் தூக்கிப் போட்டு இடிக்கும். நம் வீட்டு உரலும் உலக்கையும்தான், உருவம் மட்டும் ராட்சத உருவம். இடித்த மாவைத் தண்ணீரோடு பாதரசம் தடவிய செப்புத் தகடுகள் மேல் ஓடவிட்டால் தங்கம் பாதரசத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் போன மிச்சத்தை சயனைடு கலந்து பிரிப்பார்கள். ஊரைச் சுற்றி இன்றும் நிற்கும் சயனைடு மலைகள் அப்படிக் கழித்துப் போட்ட மண்.

இந்த உலக்கைகளைத் தூக்கியது நீராவி. நீராவிக்கு பாய்லர். பாய்லருக்கு விறகு அல்லது நிலக்கரி. கோலாரில் நிலக்கரி கிடையாது. பக்கத்துக் காடுகளை வெட்டி எரித்தார்கள். 1894ல் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, மாரிகுப்பத்துக்கு ரயில் வந்தது. வந்தாலும் என்ன, நிலக்கரி வெகுதூரத்திலிருந்தே வரவேண்டும். சுரங்கம் ஆழமாகப் போகப் போகச் செலவும் ஏறிக்கொண்டே போனது. ஆழத்திலிருந்து தண்ணீரை இறைக்க வேண்டும், காற்றை உள்ளே செலுத்த வேண்டும், கல்லை மேலே இழுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் விறகு!

திவானின் கணக்கு

அப்போது மைசூர் திவானாக இருந்தவர் சேஷாத்ரி ஐயர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். சென்னை பிரசிடென்சி காலேஜில் படித்தவர். 1883 முதல் 1901 வரை பதினெட்டு ஆண்டுகள் திவான் பதவி வகித்தார். தங்கத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு மைசூர் அரசுக்கு ராயல்டியாக வந்துகொண்டிருந்தது. சுரங்கம் கொழித்தால் கஜானா கொழிக்கும். சுரங்கம் விறகுச் செலவில் மூழ்கினால் கஜானாவுக்கும் அடி விழும். இது திவானுக்கு நன்றாகத் தெரியும்.

சமஸ்தானத்தின் இன்னொரு கோடியில் காவிரி ஆறு சிவசமுத்திரத் தீவைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து, ககனசுக்கி என்றும் பரசுக்கி என்றும் இரண்டு அருவிகளாக வீணே விழுந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் நயாகரா அருவியிலிருந்து மின்சாரம் எடுத்து, 1896ல் பபலோ நகரத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்று செய்தி வந்திருந்தது. சிவசமுத்திரத்தில் அதுபோலச் செய்ய எங்களுக்கு உரிமை கொடுங்கள் என்று தனியார் கேட்டு வந்தார்கள். உரிமையைத் தூக்கிக் கொடுத்திருந்தால் அரசுக்குத் தொல்லை இல்லை, லாபமும் இல்லை. அரசே செய்வது என்று திவான் முடிவு செய்தார்.

இந்த இடத்தில்தான் மைசூரின் துணை தலைமை என்ஜினீயராக இருந்த ஜோலி டி லோட்பினியேர் வருகிறார். வாயில் நுழையாத பெயர்தான். கனடா நாட்டுக்காரர். அவருடைய தந்தை கியூபெக் மாகாணத்தின் முதல்வராக இருந்தவர். ராயல் என்ஜினீயர்ஸ் என்ற ராணுவப் பிரிவிலிருந்து மைசூருக்கு வந்தவர். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய், அங்கே மின்நிலையங்கள் எப்படி ஓடுகின்றன என்று நேரில் பார்த்துவிட்டு வந்தார்.

வேறு ஒருவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? மைசூர் அரண்மனைக்கு விளக்கு, பெங்களூருக்கு விளக்கு, கடைத்தெருவுக்கு விளக்கு, ஆலைகளுக்கு மோட்டார் என்று ஒரு பெரிய திட்டம் தீட்டியிருப்பார். வீட்டுக்கு வீடு கம்பி இழுத்து, ஆயிரம் பேரிடம் பில் வசூலித்து, எப்போது போட்ட பணம் திரும்புவது? விளக்கென்றால் சாயங்காலம் மட்டும் எரியும். பகல் முழுவதும் இயந்திரம் சும்மா சுற்றும்.

இவர்கள் ஒரே ஒரு வாடிக்கையாளரைப் பார்த்தார்கள். தங்கவயலில் சுரங்கக் கம்பெனிகள் பல. ஆனால் முக்கியமான கம்பெனிகளையெல்லாம் நிர்வகித்தது ஜான் டெய்லர் என்ற ஒரே நிறுவனம். ஒரு மேஜையில் உட்கார்ந்து பேசினால் போதும். ஸ்டாம்ப் மில் இரவும் பகலும் ஓடும், அதனால் மின்சாரமும் இரவும் பகலும் ஒரே அளவில் விற்கும். ஆற்றுத் தண்ணீர் ராத்திரியானால் நின்றுவிடுவதில்லை அல்லவா! சரக்கும் சந்தையும் இவ்வளவு பொருத்தமாக அமைவது அபூர்வம்.

சுமார் 4,000 குதிரைசக்தி வாங்கிக்கொள்வதாகச் சுரங்கத் தரப்பு ஒப்பந்தம் செய்தது. பத்து ஆண்டு ஒப்பந்தம். விலை தொடக்கத்தில் கூடுதலாக இருக்கும், பிறகு படிப்படியாகக் குறையும். அரசுக்குப் போட்ட முதல் சீக்கிரம் திரும்பும். வாங்குபவருக்கு நாளாக நாளாக மலிவாகும். இதில் இரு தரப்புக்கும் கிடைத்த நிம்மதியை நினைத்துப் பாருங்கள். வாங்க ஆள் உண்டு என்று தெரிந்த பிறகே ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனிக்கும், சுவிட்சர்லாந்தின் எஷர் விஸ் கம்பெனிக்கும் ஆர்டர் போயிற்று.

அணை இல்லாத மின்நிலையம்

கட்டியதும் அதே சிக்கனத்தோடுதான். பெரிய அணை எதுவும் கட்டவில்லை. அருவிக்கு மேலே ஆற்றிலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டி, தண்ணீரைப் பாறை விளிம்புக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து இரும்புக் குழாய்கள் வழியே சுமார் 400 அடி கீழே விடுவது. விழுகிற வேகத்தில் டர்பைன் சுற்றும். டர்பைனோடு ஜெனரேட்டர் சுற்றும். வேலை முடிந்த தண்ணீர் திரும்ப ஆற்றில் சேர்ந்துவிடும். முதலில் வைத்தவை 720 கிலோவாட் ஜெனரேட்டர்கள் ஆறு. மொத்தம் 4,320 கிலோவாட். இன்று ஒரு பெரிய ஆஸ்பத்திரியும் பக்கத்தில் இரண்டு வணிக வளாகங்களும் சேர்ந்தால் இழுத்துவிடும் அளவு இது!

ஆனால் வேலை நடந்த இடம் லேசான இடம் அல்ல. நெருங்கிய ரயில் நிலையம் மத்தூர். அங்கிருந்து ராட்சத இயந்திரங்களை மாடுகளும் யானைகளும் இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஆற்றங்கரைக் காட்டில் மலேரியாக் காய்ச்சல் வேறு.

இன்னொரு விஷயமும் உண்டு. சிவசமுத்திரத்தை ஒட்டிய கொள்ளேகால் தாலுகா அன்று மைசூரைச் சேர்ந்தது அல்ல. 1956 வரை அது நம் கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது. எல்லையில் ஓடும் ஆற்றைத் தொடும் காரியம் என்பதால் சென்னை ராஜதானியை விட்டுவிட்டு எதுவும் செய்ய முடியாது. எடுத்த தண்ணீரை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும் திட்டம் என்பது பேச்சுவார்த்தையில் பெரிய அனுகூலம்.

உண்மையான சோதனை கம்பியில்தான் இருந்தது. சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயல் 92 மைல், ஏறக்குறைய 148 கிலோமீட்டர். நயாகராவிலிருந்து பபலோவுக்கு இதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு தூரம்தான். அவ்வளவு தூரம் மின்சாரம் போனால் வழியிலேயே பாதி சூடாகிக் கரைந்துவிடாதா என்பது நியாயமான சந்தேகம்.

அதற்கு வழி, மின் அழுத்தத்தை ஏற்றி அனுப்புவது. ஒரே அளவு சக்தியை அனுப்பும்போது வோல்ட்டைப் பத்து மடங்கு ஏற்றினால், கம்பியில் ஓடும் கரண்டு பத்தில் ஒன்றாகும். சூடாகி வீணாவதோ நூறில் ஒன்றாகும். அதனால் சிவசமுத்திரத்தில் டிரான்ஸ்பார்மர் வைத்து 35,000 வோல்ட்டுக்கு ஏற்றி அனுப்பினார்கள். தங்கவயலில் மறுபடி இறக்கி மோட்டாருக்குக் கொடுத்தார்கள். நம் வீட்டில் இன்று வருவது 230 வோல்ட் என்றால், 35,000 என்பது அந்தக் காலத்தில் எவ்வளவு துணிச்சல் என்று புரியும்.

உலகிலேயே நீளமான மின்கம்பி அதுதான் என்றும் ஊரில் சொல்வார்கள். அதுவும் சரியல்ல. 1901லேயே கலிபோர்னியாவில் 140 மைலுக்கு மேல் மின்சாரம் அனுப்பிவிட்டார்கள். ஆனால் ஆசியாவில் அன்று இதற்கு இணை கிடையாது. இந்தப் பெருமையே போதாதா?

1902 ஜூன் 30ந் தேதி காவிரியின் சக்தி தங்கவயலுக்கு வந்து சேர்ந்தது. அதைப் பார்க்க சேஷாத்ரி ஐயர் இல்லை. உடல் நலம் கெட்டு 1901ல் பதவியை விட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் காலமாகிவிட்டார். ஒன்பது மாதம் முந்திவிட்டது காலன்.

சுரங்கக் கம்பெனிகள் நீராவி என்ஜின்களை ஒரே நாளில் கழற்றி எறிந்துவிடவில்லை. முதலில் ஆலைகள், பிறகு மற்றவை என்று படிப்படியாக மாறினார்கள். மின்சாரம் சொன்னபடி வந்தது. "இன்னும் கொடுங்கள்" என்று கேட்டார்கள். சிவசமுத்திரத்தில் மேலும் இயந்திரங்கள் ஏறின.

சுரங்கத்துக்குக் கொடுத்துப் பழகிய பிறகே நகரத்துக்குக் கொடுத்தார்கள். பெங்களூரில் 1905 ஆகஸ்ட் 5ந் தேதி மின்விளக்கு எரிந்தது. தலைநகரத்துக்கு முன்னால் கூலிக்காரர்கள் ஊருக்கு மின்சாரம் வந்துவிட்டது என்று இதைச் சொல்லிக் கொள்ளலாம். ஆனால் கம்பி வந்தது கூலிக்காரனுக்காக அல்ல. ஆலையில் உலக்கை தூக்குவதற்காக வந்தது. தட்டிக் குடிசையில் அவன் மனைவி ஏற்றியது மண்ணெண்ணெய் விளக்கைத்தான். ஒரே வாடிக்கையாளருக்கென்று செய்த சரக்கு, வாடிக்கையாளரின் வாசலோடு நின்றது. அந்த எளிமைக்கு இப்படியும் ஒரு பக்கம் உண்டு.

கோடையில் வந்த சிக்கல்

அணை கட்டாமல் விட்டதற்கும் ஒரு விலை இருந்தது. பங்குனி, சித்திரையில் காவிரி மெலிந்துவிடும். வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் தங்கவயலில் மில் தள்ளாடும். தொடங்கும்போது இது தெரியாமல் இல்லை. முதலில் ஓடட்டும், சம்பாதிக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்ற துணிவுதான்.

"பிறகு பார்க்கலாம்" என்பதைப் பார்க்க வேண்டிய பொறுப்பு, 1909ல் தலைமை என்ஜினீயராக வந்த விசுவேசுவரய்யாவின் தலையில் விழுந்தது. மழைக்காலத்து வெள்ளத்தைக் கண்ணம்பாடியில் தேக்கி வைத்தால் கோடையிலும் சிவசமுத்திரத்துக்குச் சீராகத் தண்ணீர் விடலாம், மண்டியா பக்கம் பாசனமும் ஆகும் என்றார். அரசாங்கத்தில் பணத்துக்குத் தயங்கினார்கள். தங்கவயலுக்குக் கூடுதலாக விற்கப்போகும் மின்சாரத்தின் வருமானத்தைத்தான் அவர் கணக்கில் காட்டினார். 1911ல் கிருஷ்ணராஜ சாகர் அணை வேலை தொடங்கியது.

அதோடு சென்னைக்கும் மைசூருக்கும் வழக்கும் தொடங்கியது. திருப்பிக் கொடுக்கும் தண்ணீர் வேறு, தேக்கி வைக்கும் தண்ணீர் வேறு. 1924ல் இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தமும், அதன் பிறகு மேட்டூரில் எழுந்த அணையும், அப்புறம் நாம் பத்திரிகையில் படித்துப் படித்துச் சலித்த காவிரிப் பிரச்சினையும் இந்த அணையை ஒட்டி வந்தவை. தமிழன் குடைந்த சுரங்கத்துக்கு மின்சாரம் கொடுக்கப்போய், தமிழனின் வயலுக்கு வரும் தண்ணீரில் வழக்கு வந்தது என்பது சரித்திரத்தின் விளையாட்டு.

சிவசமுத்திரத்தில் தொழில் கற்றவர்கள் நாடெங்கும் போனார்கள். ஜோலி டி லோட்பினியேர் காஷ்மீரில் ஜீலம் ஆற்றின் கரையில் மொகரா மின்நிலையத் திட்டத்துக்குப் போனார். ஜெனரல் எலெக்ட்ரிக்கிலிருந்து வந்து மைசூரில் மின் என்ஜினீயராக இருந்த கிப்ஸ், பம்பாய் ஆலைகளுக்கு மின்சாரம் கொடுக்க டாட்டா தொடங்கிய கம்பெனிக்குப் போனார். அங்கும் அதே சூத்திரம்தான். மலையிலிருந்து தண்ணீர், நாள் முழுவதும் ஓடும் ஆலைகள் என்று முன்கூட்டியே ஆள் பிடித்து வைத்த சந்தை.

விற்றவர் இருக்கிறார், வாங்கியவர் இல்லை

தங்கவயல் சுரங்கங்கள் 1956ல் மைசூர் அரசின் கைக்கு வந்தன. 1962ல் மத்திய அரசுக்குப் போயின. சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையைத் தொட்டால் கை சுடும். தங்கமோ வரவரக் குறைந்தது. 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் கொடுத்த சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ந் தேதி மூடப்பட்டன.

மின்நிலையம் மூடவில்லை. இயந்திரங்கள் மாறின, திறன் 42 மெகாவாட் ஆனது, சேஷாத்ரி ஐயரின் பெயரும் சூட்டப்பட்டது. ஒரே ஒரு வாடிக்கையாளரை நம்பித் தொடங்கிய தொழில், அந்த வாடிக்கையாளர் போன பிறகும் பிழைத்துக்கொண்டது. நல்ல வேளையாக அது நடுவில் வேறு வாடிக்கையாளர்களையும் பிடித்து வைத்திருந்தது. தங்கவயல் அப்படிச் செய்யவில்லை. 1960களில் வந்த பெமல் தொழிற்சாலை புல்டோசரும் மண் வாரும் இயந்திரங்களும் செய்து ஊருக்குக் கொஞ்சம் தெம்பு கொடுத்தது. ஆனால் சுரங்கம் விட்டுப்போன இடத்தை ஒரு தொழிற்சாலையால் எப்படி நிரப்ப முடியும்?

இன்று விடியுமுன் மாரிகுப்பம் ரயில் நிலையத்தில் கூட்டம் நெரிகிறது. சாப்பாட்டுத் தூக்கோடு ஆணும் பெண்ணும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். தாத்தா பாதாளத்தில் இறங்கிய ஊரில் பேரன் ரயில் ஏறுகிறான். 1894ல் நிலக்கரியை எதிர்பார்த்துப் போட்ட அந்தப் பாதையில் இப்போது ஓடுவது மின்சார ரயில்.